மண்பானையும் கண்ணாடிப் பேழையும்

ஒன்றை அடைத்து வைப்பது எளிது. அடைத்ததை அடைத்தபடியே காத்து வருவது அரிது. இவ்வுண்மையை மரக்காணத்து உப்பளத் தொழிலாளர் நம்மினும் நன்கு அறிவர். பாத்தி கட்டி உவர்நீரைத் தேக்குதல் விரைவில் முடியும் வேலை. அந்நீர் வெயிலிற் சுண்டி உப்பாய்ப் பூக்குமளவும் வரப்பைக் காப்பதோ நாள்தோறும் செய்யவேண்டிய வேலை. நண்டு ஒன்று வரப்பிலே வளை தோண்டிவிட்டால் தேங்கிய நீர் அவ்வழியே கசிந்து ஓடிவிடும். பல நாளைய உழைப்பும் அதனோடு போம். ஆதலின் வரப்பின்மேல் நடக்கும் உப்பளத்தாரின் கண்ணெல்லாம் காலடியிலேயே இருக்கும். பாம்பை வீட்டில் வளர்க்க விழையும் இளைஞர்க்கு இதுவே முதற்பாடமாதல் வேண்டும் என்பது நம் கருத்து.

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்ற பழமொழி வழங்கும் நாட்டில் பாம்பை வளர்ப்பாரும் உளரோ என்று நம் பழைய மாணவர் சிலர் வியத்தல் கூடும். உளர். ஆப்பிரிக்காவிற்குரிய பந்து மலைப்பாம்பும் அமெரிக்காவிற்குரிய சோளப்பாம்பும் இன்று நம் நகரங்களிற் சிலர் வீட்டுக் கண்ணாடிப் பேழைகளில் வளர்கின்றன. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் கோலாலம்பூரிலிருந்து சென்னை விமான நிலையத்தில் வந்திறங்கிய பயணி ஒருவரின் பெட்டிகளில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் இருக்கக் கண்டு சுங்க அதிகாரிகள் அவற்றைக் கைப்பற்றினர். வாங்குவோர் இன்றி இத்தகைய வாணிகம் நடவாது. வாங்குவோர் கேட்கும் வினா பெரும்பாலும் ஒன்றே: பாம்பு கூட்டை விட்டுத் தப்பாமலிருக்க என்ன பூட்டுப் போடலாம் என்பது. வினா நல்லதே, எனினும் அது பாதி வினா. இதனை எதற்காக அடைக்கின்றோம், எத்துணை நாள் அடைக்கப் போகின்றோம் என்பது மற்றைப் பாதி. பின்பாதிக்கு விடை கூற இயலாதவர் முன்பாதியிலும் என்றேனும் ஒருநாள் தவறுவர் என்பதே ஈண்டு நாம் நிலைநாட்ட விரும்புவது.

முதற்பாதியை முதலிற் காண்போம். பாம்பிற்குக் கையும் இல்லை, காலும் இல்லை. ஆயினும் கூட்டினின்று தப்பும் கலையில் அதற்கு நிகரான பிராணி மிகச் சிலவே. அதன் உடல் எலும்பும் தசையும் நெகிழ்ந்து கொடுக்கும் அமைப்புடையது. தலை நுழையும் இடைவெளியில் உடலும் பெரும்பாலும் நுழைந்துவிடும். பிளவுபட்ட நாவை அடிக்கடி நீட்டிக் காற்றிலுள்ள மணத்துகள்களைத் திரட்டி, மேல்வாயிலுள்ள நுண்பொறி ஒன்றிற் சேர்த்து, எங்கிருந்து புதுக்காற்று வருகின்றது, எங்கே இரையுண்டு என்று அது தெரிந்துகொள்ளும். பிறகு மூக்கினால் மூடியின் விளிம்பை முட்டும். ஒருமுறை அன்று, இரவு முழுதும் முட்டும். மூடி ஒரு நூலளவு அசைந்துவிட்டால் அவ்விடத்தையே மீண்டும் மீண்டும் நாடும். மனிதன் உறங்குவான், மூடியும் தளரும், பாம்பிற்கு வேறு வேலை இல்லை.

எனவே கூட்டின் மூடி, பாரம் ஏற்றி வைத்த மூடியாக இருத்தல் போதாது. பூட்டித் தாழிட்ட மூடியாக இருத்தல் வேண்டும். காற்றுக்கென விட்ட துளை பாம்பின் தலையினும் சிறிதாதல் வேண்டும். குட்டியை வாங்கினோர் குட்டியின் தலையையே அளவாகக் கொள்ளல் வேண்டும். நகரும் கண்ணாடிக் கதவுகள் இரண்டு ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்திலுள்ள சந்து, மின்கம்பி நுழையும் துளை, வலை பிரிந்த மூலை ஆகிய இவையே நண்டு வளைகள். கூடு இருக்கும் அறையும் ஒரு கூடாகவே அமைதல் வேண்டும். கதவின் கீழ் இடைவெளியும் நீர் வடியும் குழாய்வாயும் அடைபட்டிருந்தால், முதல் வேலி தவறினும் இரண்டாம் வேலி தடுக்கும். இவை யாவற்றினும் தலையாயது, ஒவ்வொரு நாளும் பாம்பைக் கண்ணாற் கண்டு உறுதி செய்தல். கூடு பூட்டியிருக்கின்றதா என்று பார்ப்பது வேறு. பாம்பு உள்ளே இருக்கின்றதா என்று பார்ப்பது வேறு.

மற்றொன்றும் உண்டு. பாம்பு தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள மாட்டாத பிராணி. சூடு வேண்டுங்கால் சூடான இடத்திற்கும், குளிர்ச்சி வேண்டுங்கால் குளிர்ந்த இடத்திற்கும் அது செல்லல் வேண்டும். கூட்டினுள் இவ்விரண்டும் மறைவிடமும் தண்ணீரும் கிடைக்குமாயின் அது பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். கிடையாவிடின் வெளியே தேடும். தப்பியோட முடியாதபடி அடைத்தல் ஒரு காவல். தப்பியோடத் தேவை நேராதபடி வைத்தல் அதனினும் சிறந்த காவல்.

பயிற்சி பெற்றோர் காவலிலும் இஃது எவ்வளவு நுட்பமானது என்பதற்குச் சுவீடன் நாட்டின் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில் நிகழ்ந்த ஒரு செய்தியே சான்று. அங்குள்ள ஸ்கான்சென் உயிரினக் காட்சியகத்தில் 2022ஆம் ஆண்டு அக்டோபரில் ராஜநாகம் ஒன்று தன் கண்ணாடிக் கூட்டின் மேலிருந்த விளக்குப் பொருத்தின் வழியே தப்பிற்று. பல்லாண்டுகளாக அதே வழி அங்கே இருந்தது. பாம்புகள் அதனை அணுகவில்லை. ஏன் எனின், பழைய விளக்கு மிகச் சூடாயிருந்தது. மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் புதிய விளக்கை மாற்றியபின் அவ்விடம் சூடு தணிந்தது. பாம்பிற்கு வழி திறந்தது. விளக்கை மாற்றியோர் வேலியை எடுக்கின்றோம் என்று நினைத்தாரில்லை. அதற்கு முன்னர் 2011ஆம் ஆண்டு மார்ச்சில் நியூயார்க்கு நகரத்துப் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிசாலையில் எகிப்திய நாகக்குட்டி ஒன்று காணாமற்போய், ஏறக்குறைய ஒரு வாரத்திற்குப்பின் அகப்பட்டது. இவ்விரண்டு இடத்தும் பாம்பு ஊருக்குள் புகவில்லை. அது இருந்த கட்டடத்தை விட்டே வெளிச்செல்லவில்லை. பாம்பைக் காணோம் என்பதை உடனே அறிந்தார்கள். அறிந்தவுடன் கட்டடத்தைப் பொதுமக்கட்கு மூடிவிட்டார்கள். அடுத்த வேலியும் அன்றாடக் கணக்குமே அவர்களைக் காத்தன.

தனியார் வீட்டில் இவ்விரண்டும் அரிது. கனடா நாட்டில் கேம்பல்டன் என்னும் ஊரில், செல்லப்பிராணிக் கடைக்கு மேலிருந்த ஒரு வீட்டில் அடைத்து வைத்த ஆப்பிரிக்க மலைப்பாம்பு 2013ஆம் ஆண்டு ஓர் இரவில் காற்றுக்குழாய் வழியே தப்பி, உறங்கிக்கொண்டிருந்த இரண்டு சிறுவரின் உயிரைப் பறித்தது. அக்குழந்தைகளின் பெற்றோர்க்கு எந்தப் பூட்டைப் பற்றி எவர் ஆறுதல் கூற முடியும்?

இனி இரண்டாம் பாதிக்கு வருவோம். அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள புளோரிடா மாநிலத்தில் எவர்கிளேட்ஸ் என்னும் பெரிய சதுப்புநிலம் உளது. அங்கே பர்மிய மலைப்பாம்பு இயற்கையில் இருந்ததன்று. செல்லப்பிராணியாக இறக்குமதியாகி, தப்பியனவும், பெருத்துவிட்டதென்று வளர்த்தோரே கொண்டுபோய் விட்டனவுமாகிய பாம்புகள் அச்சதுப்பில் பெருகின. 1992ஆம் ஆண்டின் ஆண்ட்ரூ என்னும் கடும் புயலில் பாம்பு வளர்ப்பகம் ஒன்று இடிந்து பல பாம்புகள் வெளியேறியதும் இதற்குத் துணையாயிற்று என்பர். 2012இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, மலைப்பாம்பு நெடுங்காலமாக உள்ள பகுதிகளில் ராக்கூன் என்னும் சிறு விலங்கு கண்ணிற்படுவது 99 விழுக்காட்டிற்கு மேலும், காட்டுப்பூனை வகை ஒன்று கண்ணிற்படுவது 87 விழுக்காட்டிற்கு மேலும் குறைந்துவிட்டன என்று கண்டது. அதே ஆண்டிற்றான் அந்நாட்டு அரசு அப்பாம்பின் இறக்குமதியைத் தடுத்தது. வெள்ளம் வந்தபின் கட்டிய அணை என்றே இதனைச் சொல்லவேண்டும்.

குட்டியாக வாங்கும்போது முழங்கை நீளமே உள்ள உயிர், சில ஆண்டுகளில் ஆளினும் நீண்டதாகிவிடுகின்றது. பந்து மலைப்பாம்பு அத்துணை வளர்வதன்று எனினும் இருபது, முப்பது ஆண்டு வாழ வல்லது. வாங்கிய மாணவன் படிப்பை முடிப்பான், ஊர் மாறுவான், மணம் புரிவான், ஆர்வம் தணியும். பூட்டு அன்றுபோலவே இருக்கும். பூட்டைப் பார்க்கும் கண்தான் இராது. கூட்டின் விளிம்பினும் முன்னதாகத் தளர்வது வளர்ப்பவனுடைய கவனமே. அடைத்ததற்குக் காரணம் விளையாட்டு ஒன்றே ஆயின், விளையாட்டு அலுத்த நாளே காவலும் அற்ற நாள்.

அச்சதுப்பில் ஒளிந்திருக்கும் மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிக்க அந்நாட்டார் எத்தனையோ வழிகளை நாடினர். முடிவில் 2017ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவர்கள் வரவழைத்தது யாரை? நம் தமிழ்நாட்டு இருளர் இருவரை. செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் அவ்விருவரும் புளோரிடாவிற்குச் சென்று, முதல் எட்டு நாட்களில் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தனர். அவற்றுள் ஒன்று 16 அடி நீளமுடையது. பாம்பு சென்ற தடத்தையும் அது உரித்த சட்டையையும் கொண்டு இருக்குமிடம் காண்பது அவர்தம் முறை. 2023ஆம் ஆண்டு இந்திய அரசு அவ்விருவர்க்கும் பத்மஸ்ரீ விருதளித்துப் பெருமை செய்தது. கண்ணாடிப் பேழையில் அடைத்தவர் காக்க மாட்டாது விட்டதை, மண்பானையில் அடைப்பவர் கடல் கடந்து சென்று மீட்டுத் தந்தனர் என்பது எண்ணி எண்ணி இன்புறத்தக்கதும் நாணத்தக்கதுமான செய்தியன்றோ?

அம்மண்பானை எது என்பதைக் கூறுவோம். மரக்காணத்தருகே முடிகின்ற பக்கிங்காம் கால்வாயின் கரையோடு வடக்கே சென்றால், மாமல்லபுரத்தைக் கடந்தவுடன் வடநெம்மேலி என்னும் ஊர் வரும். அங்கே 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணையின் வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் நிலையம் உளது. முன்னர் இருளர் பாம்பின் தோலை விற்றுப் பிழைத்தனர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1976இல் தோல் ஏற்றுமதிக்கு விதித்த தடையும் அத்தொழிலை நிறுத்தின. பிழைப்பிழந்த அம்மக்கட்கு, பாம்பைக் கொல்லாமலே அதன் நஞ்சால் வாழலாம் என்னும் வழி 1978இல் இச்சங்கத்தால் திறந்தது. ராமுலஸ் விட்டேக்கர் என்னும் பாம்பியல் அறிஞர் அதற்கு உறுதுணையாய் நின்றார்.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நால்வகைப் பாம்புகளையும் வனத்துறையின் அனுமதி பெற்று, குறித்த எண்ணிக்கைக்கு மேற்படாமற் பிடித்துக் கொணர்கின்றனர். மணல் இட்ட மண்பானையில் பாம்பை விட்டு, வாயை மெல்லிய துணியால் மூடி இறுகக் கட்டுகின்றனர். அவ்வளவே கூடு. பூட்டு இல்லை, கண்ணாடி இல்லை. ஆயினும் அதன் அறிவைக் காண்மின். மண்பானை சூட்டைத் தணிக்கும். இருள் பாம்பை அடக்கும். துணி காற்றை விடும். மூக்கால் முட்டினால் நெகிழ்ந்து கொடுக்குமேயன்றிப் பிடித்து நெம்புதற்கு விளிம்பு காட்டாது. உள்ளே இருப்பது பார்வைக்கு அழகாயில்லை. அது பார்வைக்காக வைத்ததன்று. வாரம் ஒருமுறை நஞ்சு எடுத்து, மூன்று நான்கு வாரத்தில் அப்பாம்பை மீண்டும் வெளியில் விட்டுவிடுகின்றனர். விடுமுன் வயிற்றுச் செதிள் ஒன்றைச் சிறிது கத்தரித்து அடையாளம் செய்வர். அதே பாம்பு சின்னாளில் மீண்டும் அகப்பட்டால் அடையாளம் கண்டு விட்டுவிடுவர். அச்செதிள் சட்டை உரிக்குந்தோறும் வளர்ந்து பின்னர் மறையும்.

இந்நஞ்சு எதற்கு என்று கேட்பார்க்கு, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 இலட்சம் பேர், அஃதாவது ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 58,000 பேர் இறந்தனர் என்னும் ஆராய்ச்சிக் கணக்கே விடை. இறப்போர் பெரும்பாலும் நாட்டுப்புறத்து உழைப்பாளிகள். விடியுமுன் வெறுங்காலோடு வரப்பில் நடப்பவரும், வைக்கோற்போரிற் கைவைப்பவரும், தரையிற் படுத்துறங்குபவருமே கடிபடுகின்றனர். மரக்காணத்துப் பக்கத்து வயலிலும் களத்திலும் உப்பளத்திலும் உழைப்பவர் அவ்வகையினரே. நஞ்சைக் குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் குருதியில் விளையும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்தே நஞ்சுமுறி மருந்து செய்கின்றனர். ஆகவே, பானையின் துணி முடிச்சுக்குப் பின்னே எத்தனையோ உயிர்கள் நிற்கின்றன.

பேழைக்கும் பானைக்கும் உள்ள வேறுபாடு இப்பொழுது விளங்கும். பானைக்குத் தேவை உண்டு, தவணை உண்டு, கணக்கு உண்டு, விடுதலை உண்டு. கட்டும் கை தலைமுறை தலைமுறையாகப் பயின்ற கை. திறக்கும் நாள் கட்டும் நாளிலேயே தெரிந்திருப்பதால், அதுவரை விழிப்பாயிருத்தல் கூடும். முப்பது ஆண்டு விழித்திருப்பேன் என்று எவனும் உறுதி கூற இயலாது.

இதற்கு மறுப்பும் உண்டு. இருளர் அடைப்பதும் அடைப்பன்றோ, அதனாற் பாம்பிற்குத் துன்பமில்லையோ என்பர் சிலர். துன்பம் இல்லையென்று நாம் கூறோம். ஆனால் அது மனித உயிரின் பொருட்டு, அளவிட்டு, சட்டத்தின் கண்காணிப்பில் செய்வது. பாம்பின் நஞ்சையே நாடாமல் ஆய்வுக்கூடத்தில் மருந்து செய்யும் முயற்சிகளும் உலகில் நடைபெறுகின்றன. அவை வெல்லுமாயின் பானையின் தேவையும் ஒழியும். ஒழியட்டும், இருளர்க்கு வேறு நல்ல பிழைப்பு அமையுமாயின் அதற்காக வருந்துவார் யாருமிலர். வளர்த்துப் பழகினாலன்றிப் பாம்பின்மேலுள்ள வீண் அச்சம் நீங்காது என்பர் வேறு சிலர். அச்சம் நீங்குதற்குப் பழக்கம் வேண்டும் என்பது மெய். சொந்தமாக்கிக்கொள்ளல் வேண்டும் என்பது மெய்யன்று. கிண்டியில் 1972 முதல் பாம்புப் பண்ணை உளது. வடநெம்மேலி நிலையமும் உளது. அங்கே ஒருநாள் கண்ணூன்றிக் காண்பது, விடுதி அறையில் ஓராண்டு அடைத்து வைப்பதினும் மிகுதியாகக் கற்பிக்கும்.

சட்டமும் இதனையே நோக்குகின்றது. இந்நாட்டுப் பாம்பை அனுமதியின்றிப் பிடித்து வைத்தல் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சாரையென்றும் நஞ்சற்றதென்றும் கூறித் தப்பவியலாது. உலக உடன்படிக்கையின் பட்டியலிலுள்ள அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படியும் 2024ஆம் ஆண்டு விதிகளின்படியும் அவற்றை அரசிடம் பதிவு செய்து, பிறப்பு இறப்புகளையும் கைமாற்றத்தையும் தெரிவித்தல் வேண்டும். இதனைத் தொல்லையென்று முணுமுணுப்பார் பலர். நாம் இதனை வரப்பென்றே கொள்வோம். முன்னமே வாங்கிவிட்டவர் பதிவு செய்க. மேலே கூறிய காவல்களைச் செய்க. காக்க இயலாத நாள் வந்தால் ஏரிக்கரையிலோ காட்டிலோ கொண்டுபோய் விடாது வனத்துறையினரிடம் ஒப்படைக்க. தப்பிவிட்டால் நாணத்தால் மறையாது அயலார்க்கு உடனே அறிவிக்க. மறைத்த மணிநேரங்களிற்றான் பாம்பு தூரம் போகும். இன்னும் வாங்காதவர் வாங்காதொழிக. பாம்பு தப்பாதிருக்க அதனினும் உறுதியான பூட்டு இல்லை.

நம் மாணவர்க்கு இன்னும் ஒரு சொல். வீட்டிற் பாம்பு புகுந்தால் கொல்லவும் வேண்டா, வீரங்காட்டிப் பிடித்துக் குப்பியில் அடைக்கவும் வேண்டா. எட்ட நின்று அது இருக்குமிடத்தைக் கண்காணித்து, தீயணைப்பு நிலையத்திற்கோ வனத்துறைக்கோ அறிவித்தல் போதும். கடிபட்டார்க்குக் கத்தியால் கீறுதலும் கயிற்றால் இறுகக் கட்டுதலும் தீங்கே பயக்கும். கடித்த உறுப்பை அசையாது வைத்து, நஞ்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு விரைதலே வழி. தமிழ்நாட்டு அரசு 2024ஆம் ஆண்டு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோய்களுள் ஒன்றாக்கியிருப்பது நன்று. இனிக் கணக்கும் தெளிவுபடும்.

கல்லூரியார்க்கும் ஒரு வேண்டுகோள். உயிரியல் வகுப்பில் பாம்பின் எலும்புக்கூட்டைக் காட்டுகின்றோம். புட்டியில் ஊறிய உடலைக் காட்டுகின்றோம். ஆண்டிற்கு ஒருமுறையேனும் இருளர் பெரியவர் ஒருவரை அழைத்து, அவரை ஆசனத்தில் அமர்த்தி, ஆசிரியரும் மாணவரும் கேட்டறிதல் தக்கது. மரக்காணத்துச் சுற்றுப்புறத்திலும் இவ்வினத்தார் குடிசைகள் உள. நாட்டிற்கு மருந்து தரும் மரபினர் தம் பிள்ளைகட்குச் சாதிச் சான்றிதழ் ஒன்று பெறுதற்கே பல அலுவலகப் படிகளை ஏறியிறங்க நேர்கின்றது. அப்பிள்ளைகட்குப் படிவம் எழுதித் தருவதும், பள்ளியில் நிலைத்திருக்கத் துணைசெய்வதும், கல்லூரி வாயில் வரை கைபிடித்து அழைத்து வருவதும் நம் சமூகத்தொண்டுச் சங்கத்தார் செய்யக்கூடிய அரும்பணி. அயல்நாட்டுப் பாம்பிற்குக் கண்ணாடிப் பேழை வாங்கும் பணத்தில் இருளச் சிறுவன் ஒருவனுக்கு ஓராண்டுப் புத்தகம் வாங்கலாம். அச்சிறுவன் நாளை நம் ஆய்வுக்கூடத்தில் நின்று, பானையின் முடிச்சு ஏன் அவிழ்வதில்லை என்று நமக்கு விளக்கும் நாள் விரைவில் வருக.